வெள்ளைக் கோடு மேலே இருக்க வேண்டும்

விலா நோவா டி கையா,
போர்ச்சுகல்.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். "சாராயக் கிடங்கில் உனக்கு என்ன வேலை?" என்று எழுதியிருந்தீர்கள். தங்கள் வருத்தம் புரிகிறது. ஆகவே நான் காத்துவரும் சரக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டோரோ ஆற்றின் மேற்பகுதியில், தகடு தகடாகப் பிளக்கும் பாறைச் சரிவுகளில் விளையும் கருந்திராட்சையை மிதித்துச் சாறெடுத்து, அது நொதித்துக்கொண்டிருக்கும்போதே 77 சதவீத வீரியமுள்ள திராட்சைச் சாராயத்தை நான்கு பங்குக்கு ஒரு பங்காக ஊற்றுகிறார்கள். ஈஸ்ட் அத்துடன் மடிந்துவிடுவதால், பழத்தின் இனிப்பில் ஏறக்குறைய பாதி அப்படியே தங்கிவிடுகிறது. இதுதான் போர்ட் ஒயின்.

இதில் 'விண்டேஜ்' என்பது தனிச் சாதி; மிகச் சிறந்த விளைச்சல் கண்ட ஒரே ஆண்டின் திராட்சையில் மட்டும் செய்வது. பத்தாண்டில் சராசரியாக மூன்று முறைதான் வாய்க்கும். 1963, 1977, 1994, 2011 ஆகியவை அப்படிப்பட்ட ஆண்டுகள். பீப்பாயில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வைத்தபின் வடிகட்டாமல் கரும்புட்டியில் அடைத்துவிடுகிறார்கள். 'டானி' வகை மரப்பீப்பாயில் காற்றை வாங்கி வாங்கிப் பழுப்பேறும். விண்டேஜோ காற்று அதிகம் படாமல் புட்டிக்குள்ளேயே கிழமாகிறது. இளமையில் மைபோல் கறுத்து, பச்சை நாவற்பழமாய் வாயைக் கட்டும். இருபது, முப்பது ஆண்டுகளில் துவர்ப்பும் நிறமும் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து, புட்டியின் அடிப்பக்கச் சுவரில் பொருக்காகப் படிந்துவிட, மேலே நிற்பது செங்கல் நிறத்துக்கு வெளிறி மென்மையாகிவிடுகிறது. நம் வீட்டுப் பானையில் கறுத்துக்கொண்டே போகும் பழம்புளிக்கு இது நேர்மாறு.

படுக்கவைத்த புட்டியின் மேற்பக்கத்தில் வெள்ளைச் சுண்ணக் கோடு ஒன்று இழுத்திருப்பார்கள். எங்கே நகர்த்தினாலும் அது மேலேயே இருக்க வேண்டும். வந்த முதல் வாரத்தில் நான் அதை அறியாமல் ஒரு புட்டியைக் கவிழ்த்து வைத்தேன். பொருக்கு உடைந்து உள்ளே கலங்கிப்போயிற்று. மூத்த பணியாளர் ஒருவர் திட்டவில்லை. புட்டியைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு நடந்தார். திட்டியிருக்கலாம்.

சென்ற வாரம் விருந்தினருக்காக 1977ஆம் ஆண்டுப் புட்டி ஒன்றை முதல் நாளே நிமிர்த்தி வைத்து, மறுநாள் திறந்தோம். தக்கை துகளாக உதிர்ந்தது. கழுத்தின் பின்னால் மெழுகுவத்தியைப் பிடித்தவன் நான். வண்டல் கருநூலாகக் கழுத்தை எட்டியதும் ஊற்றுவதை நிறுத்தினார்கள். உலர்ந்த அத்தியும் கிராம்பும் கலந்த வாசனை அறையை நிறைத்தது. எனக்கும் ஒரு மிடறு தந்தார்கள். நீங்கள் கோபித்தாலும் சரி, அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தங்கள் அன்பு மகன்