அடுத்த செயலிக்காகக் காத்திருக்கும் படிப்பக அறங்காவலர்களுக்கு

மதிப்பிற்குரிய அறங்காவலர் பெருமக்களுக்கு,

வணக்கம். நம் ஊர்ப் படிப்பகத்தின் கணினி அறையைப் பல ஆண்டுகளாகச் சம்பளமின்றிப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். பெரியவர் ஒருவர் தம் சதாபிஷேகத்தை முன்னிட்டு, மடிக்கணினி வாங்குவதற்கென்றே கொடுத்த தொகை ஒன்றரை ஆண்டாக வங்கியில் வைப்பாகக் கிடக்கிறது. சென்ற மூன்று கூட்டங்களிலும், "புதிய செயலி வரவிருப்பதால் வந்தபின் வாங்கலாம்" என்ற ஒரே வாசகம் தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. செயலி என்று இங்கே சொல்வது கணினியின் மூளையான பிராசசரை. பிறர் கொடுத்த பணத்தைப் பழைய சரக்கில் போட்டுவிடக் கூடாது என்ற உங்கள் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. பர்மாத் தேக்கை நான்கு முறை தட்டிப் பார்த்து வாங்கிய வழியில் வந்தவர்கள் நீங்கள். ஆனால் இந்த ஒரு பொருளில் அந்த நிதானம் நமக்கு நட்டமாகவே முடிந்திருக்கிறது. கூட்டத்தில் சொல்லாமல் ஊரறிய எழுதுவதற்குக் காரணம், இதே சாக்கில் கணினி வாங்குவதைத் தள்ளிப்போடும் பள்ளிகளும் கடைகளும் காரைக்குடியைச் சுற்றி நிறைய இருப்பதுதான்.

செயலி வெளிவரும் நாளை அதைச் செய்பவர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. இன்டெல் நிறுவனம் தன் 14 நானோமீட்டர் (செய்முறையின் நுண்மையைக் குறிக்கும் பெயர்; எண் சிறுத்தால் புதியது) சில்லுகளை 2013 இறுதியில் உற்பத்திக்குக் கொண்டுவருவதாக இருந்தது. பழுதான சில்லுகள் மிகுதியாக வந்ததால் ஒரு காலாண்டு தள்ளிப்போகும் என்று அந்த ஆண்டு அக்டோபரில் அறிவித்தது. அந்த முறையில் செய்த, வழக்கமான மடிக்கணினிகளுக்கான ஐந்தாம் தலைமுறைச் செயலி வந்ததோ 2015 ஜனவரியில். ஆற்றல் மிகுந்த நான்கு கரு (குவாட் கோர்) வகைகள் அதன்பிறகும் தாமதமாயின. ஆப்பிள் நிறுவனமே 2015 மே மாதத்தில் வெளியிட்ட 15 அங்குல மேக்புக் புரோவில் முந்தைய தலைமுறைச் செயலியையே வைத்து விற்றது. அடுத்து வந்த 10 நானோமீட்டரின் கதை இன்னும் நீளமானது. 2016இல் எதிர்பார்க்கப்பட்டது, 2017இன் பிற்பாதிக்குத் தள்ளப்பட்டு, 2018இல் ஒரேயொரு சிறிய செயலியாகத் தலைகாட்டி, மடிக்கணினிகளில் பரவலாக வந்துசேர 2019 ஆயிற்று. 2020 ஜூலையில் 7 நானோமீட்டரும் தாமதம் என்று அறிவிப்பு வந்தது.

இது சோம்பலால் வந்த தாமதமன்று. ஆத்தங்குடியில் தளக்கல் செய்வதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியின்மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை நேராகத் தூக்கும் அந்தக் கணத்தில் கை சற்றே ஆடினாலும் பச்சை மஞ்சளுக்குள் ஓடிவிடும். அந்தக் கல் ஒதுக்கப்பட வேண்டியதுதான். ஒரே கல்லுக்கு நான்கு அச்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக, மயிரிழை பிசகாமல் வைத்தெடுக்க வேண்டுமென்றால் எத்தனை கல் தேறும் என்று எண்ணிப் பாருங்கள். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை வைத்துக்கொண்டு அதைவிடப் பன்மடங்கு நுண்ணிய கோடுகளைப் பொறிக்க, ஒரே அடுக்கைப் பல தடவையாகப் பிரித்துப் பொறிக்கும் முறையைத்தான் இன்டெல் 10 நானோமீட்டரில் கையாண்டது. ஒரு சிலிக்கான் தட்டில் தேறும் சில்லுகள் குறைந்தால், தொழிற்சாலை இயங்கினாலும் கடைக்குச் சரக்கு வராது.

இந்தக் காத்திருப்பில் நானே ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன். 2014இல் அழைப்பிதழ் வடிவமைக்கும் என் கடையின் மடிக்கணினி அடிக்கடி நின்றுபோயிற்று. ஐந்தாம் தலைமுறை வரட்டும் என்று இருந்தேன். அது வந்ததும், ஆறாம் தலைமுறை இன்னும் ஆறேழு மாதத்தில் வந்துவிடும் என்றார்கள், அதற்கும் இருந்தேன். அந்த இடைவெளியில் ஒரு நாள் வன்தட்டு 'டக், டக்' என்று சத்தமிட்டு அடங்கிவிட்டது. ஒரு குடும்பத்தின் மணிவிழா மலருக்காக நான் வருடியெடுத்து (ஸ்கேன் செய்து) வைத்திருந்த நான்கு தலைமுறை இசைகுடிமானச் சீட்டுகளும் (திருமண ஒப்பந்தச் சீட்டுகள்) படங்களும் அதோடு போயின. அவற்றையெல்லாம் பெட்டகத்திலிருந்து மறுபடி எடுத்துக்கொடுத்த ஆச்சி என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. நகல் எடுத்து வைக்காதது என் தவறு. சாகக் கிடந்த கணினியை வைத்துக்கொண்டு, வராத செயலிக்காக வேலையை ஓட்டியது அதைவிடப் பெரிய தவறு.

புதியது வந்தபின் வாங்கினால் புதியதே கிடைத்துவிடும் என்பதும் நிச்சயமில்லை. 2019இல் இன்டெல் 'பத்தாம் தலைமுறை' என்ற ஒரே பெயரில் இரண்டு வகைச் செயலிகளை மடிக்கணினிகளுக்காக விற்றது. ஐ5 1035ஜி1 என்பது புதிய 10 நானோமீட்டர் வகை. ஐ5 10210யு என்பது பழைய 14 நானோமீட்டரின் தொடர்ச்சி. பெட்டியின் மேலிருக்கும் ஒட்டுப்படத்தைப் பார்த்து வாங்கியவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வழியில்லை. அதோடு, அமெரிக்காவில் மேடையில் காட்டப்படும் செயலி நம் பக்கத்துக் கடைக் கண்ணாடிக்குள் வந்து உட்காரச் சில மாதங்கள் ஆகிவிடும்.

பொறுத்தால் விலை இறங்கும் என்ற பழைய நம்பிக்கையும் இப்போது ஆட்டம் கண்டுவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதால் 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. குரூசியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வணிகத்தையே விட்டு விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. வைப்புக்கு வரும் வட்டியையும் ஏறும் விலையையும் ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

காத்திருப்பது எப்போதுமே பிழை என்று நான் வாதிடவில்லை. கையிலுள்ள கணினி ஓடிக்கொண்டிருக்க, புதியதன் விலையும் விற்பனை நாளும் அச்சில் வந்துவிட்டதென்றால், ஒரு மாதம் பொறுப்பதில் பொருளுண்டு. நம் நிலை அதுவன்று. அறையிலுள்ள பன்னிரண்டில் ஏழு 2014இல் வாங்கிய நான்காம் தலைமுறைக் கணினிகள். ஐந்து 2018இல் வாங்கிய எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல் செயலிகளில் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கிறது. ஆகவே அந்த ஐந்துக்கும் எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகமும் கூடுதல் ரேமும் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் நன்றாக உழைக்கும். ஏழில் நான்கை லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தை ஏற்றித் தமிழ்த் தட்டச்சுக்கும் பாடம் பார்ப்பதற்கும் வைத்துக்கொள்ளலாம். மற்ற மூன்றும் கீல் உடைந்து, மின்கலம் உப்பி, பழுது பார்க்கும் செலவுக்குத் தகுதியற்றுப் போய்விட்டன.

மெதுவாக ஓடுவதெல்லாம் கிழடு தட்டியதன் அடையாளமும் அன்று. சென்ற சித்திரையில் ஒரு மடிக்கணினியைத் திறந்தபோது, விசிறிக்கும் வெப்பம் கடத்தும் தகட்டுக்கும் நடுவே தூசி இலவம்பஞ்சுபோல் படிந்து, அதற்குள் செத்த எறும்புகள் கிடந்தன. சூடு ஏறினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மாடியறையின் வெயிலில் அது குறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. துடைத்து, செயலியின் மேலிருக்கும் வெப்பம் கடத்தும் பசையை மாற்றிப் பூட்டியதும் பழையபடி ஓடியது. அதற்கு ஆன செலவு பசைக் குழாயின் விலை மட்டும்தான். ஆனால் அறையின் ஏழாம் எண் மடிக்கணினிக்கு அந்த வைத்தியமும் பலிக்கவில்லை. போட்டித் தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளன்று, புதுவயலிலிருந்து பேருந்தில் வந்த ஒரு பெண் அதன்முன் உட்கார்ந்து, புகைப்படம் ஏறுவதற்குள் அது நின்றுவிட, பக்கத்து இருக்கையில் இருந்த பையன் எழுந்து இடம் கொடுத்ததால் தப்பினாள். அவளிடம் "அடுத்த தலைமுறைச் செயலி வரட்டும் அம்மா" என்று எந்த வாயால் சொல்வது? அலை ஓய்ந்து கடலாடுவது எப்போது?

ஆகவே, இன்று கடையில் கிடைக்கும் நடுத்தர மடிக்கணினிகளில் ஆறை வாங்கவும், எட்டாம் தலைமுறைக் கணினிகள் ஐந்தையும் புதுப்பிக்கவும் வரும் கூட்டத்திலேயே ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். செயலியின் முழு எண், குறைந்தது 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, மூன்றாண்டு உத்தரவாதம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கிக்கொண்டு வருகிறேன். ஏழாம் எண் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு வருவேன். கூட்டம் தொடங்கும்போது அதன் பொத்தானை அழுத்திவிடுகிறேன். அது எழுந்து திரை காட்டியபின் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
படிப்பகக் கணினி அறைப் பொறுப்பாளன்