மாஸ்கோ கம்யூன் விடுதி: பாசறையும் அல்ல, பழைய கட்டடமும் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சோவியத் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் மாஸ்கோவில் எழுந்த கட்டடங்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஆர்ஜொனிகிட்சே தெருவிலுள்ள, கூட்டு வாழ்க்கைக்கெனக் கட்டப்பட்டதால் கம்யூன் விடுதி எனப்படும் மாணவர் விடுதியைத் தனிமனித வாழ்வை நசுக்குவதற்கென்றே கட்டிய பாசறை என்றும், அது இப்போது பழைய நிலைக்கே மீட்கப்பட்டுவிட்டது என்றும் கட்டுரையாளர் ஒரே பத்தியில் முடித்துவிட்டார். இரண்டு கூற்றுகளுமே திருத்தப்பட வேண்டியவை.

ஜவுளிக் கல்வி நிறுவனத்தின் மாணவர்கள் 2000 பேருக்காக 1929இல் தொடங்கப்பட்ட இந்த விடுதியை வடிவமைத்த இவான் நிகொலாயெவ், அப்போது முப்பது வயதைக்கூட எட்டாதவர். ஆலைக் கட்டடங்களில் தேர்ச்சி பெற்றவர். முதல் ஐந்தாண்டுத் திட்டம் கிராமங்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் இளைஞர்களை உயர்கல்விக்குக் கூட்டம் கூட்டமாக அழைத்து வந்த காலம் அது. தங்க இடமோ மாஸ்கோவில் இல்லை. ஆளுக்கு இவ்வளவுதான் என்று கட்டடத்தின் அளவு முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்த நிலையில், உறங்கும் இடத்தைக் குறைத்தால்தான் படிக்கும் இடத்தையும் உண்ணும் இடத்தையும் தாராளமாகத் தர முடியும் என்று நிகொலாயெவ் கணக்குப் போட்டார். இருவருக்கு ஓர் அறை, நீளம் 2.7 மீட்டர், அகலம் 2.3 மீட்டர், அதாவது ஏறத்தாழ 67 சதுர அடி. நம் ஊர் வீடுகளின் சமையலறை பலவும் இதைவிடப் பெரியவை. இத்தகைய சிற்றறைகளை அடுக்கி 200 மீட்டர் நீளத்தில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பிவிட்டு, மிச்சப்பட்ட இடத்தையெல்லாம் எதிரே மூன்று மாடிப் பொதுக் கட்டடத்துக்குக் கொடுத்தார். உணவுக்கூடம், உடற்பயிற்சிக்கூடம், வாசிப்பறை ஆகியவை அங்கே இருந்தன. நெசவாலைகளில் காண்பதைப் போன்ற ரம்பப்பல் கூரையின் வழியே வெளிச்சம் இறங்கியது. இவ்விரு கட்டடங்களையும் இணைத்தது குளியலறைகளும் உடைமாற்றும் இடங்களும் கொண்ட சுகாதாரப் பகுதி. அதிலுள்ள முக்கோண வடிவச் சாய்தளத்தை இன்றும் கட்டடக்கலை மாணவர்கள் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள்.

நிகொலாயெவ் வகுத்த நாளொழுங்கு கடுமையானது என்பதில் ஐயமில்லை. மணி அடித்ததும் மாணவர் உறங்கும் உடையோடு உடற்பயிற்சிக்குச் செல்ல வேண்டும். பின்பு சுகாதாரப் பகுதியில் குளித்து, தமக்குரிய அலமாரியிலிருந்து பகலுடையை எடுத்து அணிந்துகொண்டு, அப்படியே பொதுக் கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். பகல் முழுதும் அறை காற்றோட்டத்துக்காக விடப்படும். இரவுக்கு முன் யாரும் அங்கே திரும்பக் கூடாது. இதைப் படிக்கும்போது எனக்கும் மூச்சு முட்டுகிறது. ஆனால் இதை அரசின் சூழ்ச்சியாகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அன்றாட வாழ்க்கையை ஒரே தாவலில் மாற்றிவிடத் துடிக்கும் இத்தகைய அதீத முயற்சிகளை 1930 மே மாதத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுவே தீர்மானம் போட்டுக் கண்டித்தது. அப்போது இந்த விடுதி கட்டி முடிக்கப்பட்டிருக்கவில்லை.

பின்னாளில் கட்டடம் எஃகுக் கல்வி நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1960களின் இறுதியில் கட்டடக்கலைஞர் யாக்கொவ் பெலபோல்ஸ்கியின் திட்டப்படி அறைகள் பெரிதாக்கப்பட்டன. பிறகு பராமரிப்பின்றிச் சிதைந்து, 1990களில் மாணவர்கள் வெளியேற்றப்பட்டு, நெடுங்காலம் வெற்றுக்கூடாக நின்றது.

இந்த நூற்றாண்டில் நடந்த மறுகட்டுமானத்தில் உறங்கும் கட்டடம் எஃகுச் சட்டகம் தெரியும் அளவுக்கு உரிக்கப்பட்டது. சட்டகம் நிலைநிறுத்தப்பட்டு, சுவர்கள் புதிதாக எழுப்பப்பட்டன. அறைகள் இன்றைய தேவைக்கேற்ப அமைந்தன. ஆகவே இன்று தெருவில் நின்று நாம் பார்க்கும் நீண்ட வெள்ளைச் சுவர் 1930ஆம் ஆண்டின் சுவர் அல்ல. அதே காலத்தில் மாஸ்கோவில் எழுந்த நார்கொம்ஃபின் குடியிருப்பை அதன் வடிவமைப்பாளர் கின்ஸ்பர்கின் பேரனே 2017 முதல் 2020 வரை, பிற்காலச் சேர்க்கைகளை நீக்கிப் புதுப்பித்த நிதானத்தோடு ஒப்பிட்டால், இங்கே இழப்பு அதிகம். பழைய சுவர்ப்பொருளும் சாளரச் சட்டங்களும் போனது எனக்கு வருத்தமே. அவை நிகொலாயெவ் காலத்துப் பொருள் தட்டுப்பாட்டையே சான்றாகச் சொல்லக்கூடியவை.

ஆயினும் அறையைப் பெரிதாக்கியதைக் குறை சொல்ல மாட்டேன். 67 சதுர அடியில் இருவரை மீண்டும் படுக்கவைத்து அதைப் பாரம்பரியப் பாதுகாப்பு என்று அழைப்பது விபரீதம். இக்கட்டடத்தின் உயிர் அறையின் அளவில் இல்லை; உறக்கத்துக்கு ஒரு கட்டடம், விழிப்புக்கு ஒரு கட்டடம், நடுவே இரண்டையும் கோக்கும் ஒரு பகுதி என்ற அமைப்பில் இருக்கிறது. அந்த அமைப்பு காப்பாற்றப்பட்டுள்ளது. அதைவிட முக்கியமானது, இன்றும் அது மாணவர் விடுதியாகவே இயங்குவது. நார்கொம்ஃபினோ விலையுயர்ந்த அடுக்குமாடி வீடுகளாகிவிட்டது. பெயர்பெற்ற கட்டடம் ஒன்று யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்களிடமே இருப்பது மாஸ்கோவில் மட்டுமல்ல, எங்குமே அரிது. கட்டுரையாளர் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது வியப்பளிக்கிறது.

ஒரு வேண்டுகோள். கட்டுரையுடன் வெளியான இரு படங்களும் கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மட்டுமே காட்டின. இத்தொடரின் அடுத்த பகுதிகளிலாவது தளவரைபடத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். இந்த விடுதியின் வரைபடத்தை ஒருமுறை பார்த்திருந்தால், பாசறை என்ற முடிவுக்கு வாசகர் எளிதில் வந்திருக்க மாட்டார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
கோயம்புத்தூர்.