நன்னடத்தைக் காலம் முடிந்ததை யார் சொல்வது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பரோலில் வந்தவர் குறித்த நாளில் சிறைக்குத் திரும்பிவிட்டால் பரோல் முடிந்தது, அதில் குழப்பமே இல்லை. ஆனால் குற்றம் உறுதியானவரைச் சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு நன்னடத்தைப் பிணையில் விடுகிறார்களே, அது எப்போது முடிகிறது என்று பிணையில் இருப்பவருக்கே தெரிவதில்லை.

என் சித்தப்பா மகனுக்கு ஓர் அடிதடி வழக்கில் மூன்று ஆண்டுப் பிணை. மாதம் ஒருமுறை நன்னடத்தை அலுவலரைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிணைப் பத்திரத்தின் நகலை நான்காக மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பான், மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தே தேய்ந்துவிட்டது. மூன்று ஆண்டு தாண்டியும் போய்க்கொண்டே இருந்தான். புதிதாக வந்த அலுவலர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "உனக்கு முடிஞ்சு நாலு மாசம் ஆச்சேப்பா, இன்னும் ஏன் வர்ற?" என்று கேட்டாராம். ஒவ்வொரு தடவையும் அரைநாள் கூலி போயிருக்கிறது.

அவன் பயந்ததில் தப்பில்லை. நிபந்தனையை மீறினால் பழைய குற்றத்துக்கே தண்டனை கொடுக்க நீதிமன்றத்தால் முடியும். முதல் தடவை என்றால் 50 ரூபாய் வரை அபராதத்தோடு விடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது, அதை யாரும் அவனிடம் சொல்லவில்லை.

குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958-இல் வந்தது. ஒழுங்காக நடந்துகொள்கிறவரைக் காலம் முடியும் முன்பே பிணையிலிருந்து விடுவிக்க அதன் 8-ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஆனால் அதற்கு நன்னடத்தை அலுவலர்தான் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும், அவர் எழுதாவிட்டால் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டியதுதான். அப்புறம் 12-ஆம் பிரிவு, இந்தக் குற்றத் தீர்ப்பால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு எதுவும் இவர்களுக்குக் கிடையாது என்கிறது. இதைக் கேட்டுவிட்டு வழக்கே அழிந்துபோனதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியேதான் இருக்கும் என்று பக்‌ஷி ராம் வழக்கில் 1990-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

போன மாதம் ஒரு வேலைக்குப் போன இடத்தில் பிணைக் காலம் முடிந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அவன் கையில் இருந்தது அந்தத் தேய்ந்த நகல்தான்.

பிணை முடியும் தேதியைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதி, முடிந்த அன்று கையெழுத்தும் முத்திரையும் வைத்து ஒரு தாள் கொடுக்கச் சொல்லுங்கள். பதிவேட்டில் தேதி இருக்கத்தானே செய்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்