ரயில் பாதை வழியே பூமலைக்கு

ஆசிரியருக்கு,

நடைக் குழுக்கள் பல சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டமான பூமலைக்குள்ளேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகின்றன. ஹில்வியூ ரயில் நிலையத்தில் இறங்கி, பழைய மலாயா ரயில் பாதையில் புக்கிட் தீமா இரும்புப் பாலம்வரை நடந்து பாருங்கள். சீக்கிரம் கிளம்புங்கள், அப்புறம் வெயில் விடாது. பாலத்தருகே உள்ள கிங் ஆல்பர்ட் பார்க் நிலையத்தில் ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பூமலை.

1859ல் அமைந்த தோட்டம். 1877ல் ரப்பர் கன்றுகள் வந்தது இங்கேதான். மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையைத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ரிட்லி கண்டதும் இங்கேதான். என் தாத்தா ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பேரப்பிள்ளைகளுக்கோ ஆர்க்கிட் முன்னால் படம் எடுப்பதோடு சரி! பள்ளி விடுமுறையில் தமிழ் அமைப்புகள் இந்த நடையை ஏற்பாடு செய்து, ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்த பெரியவர்களை ரப்பர் மரத்தடியில் பேசவைக்கலாமே.

வாசகர், உட்லண்ட்ஸ்