டிவிஷன் வேறு, ரெஜிமென்ட் வேறு

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு இதழில் முதல் உலகப்போர் கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ரஷ்ய 'டிவிஷன்' (பெரிய படை அமைப்பு), 'ரெஜிமென்ட்' (அதற்குள் அடங்கும் சிறிய அமைப்பு) இரண்டையும் 'படைப்பிரிவு' என்றே எழுதிவிட்டீர்கள். குன்னூர் பக்கத்து வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தைத் தினமும் பஸ்ஸில் கடந்துபோகிற எங்களுக்கு இது உறுத்தாதா?

1914இல் ஜார் மன்னரின் காலாட்படை டிவிஷன் ஒன்றில் 2 பிரிகேட், 4 ரெஜிமென்ட், ஒவ்வொரு ரெஜிமென்டிலும் 4 பட்டாலியன், ஆக 16 பட்டாலியன். ஜெர்மன் டிவிஷனில் 12தான். ஆனால் பீரங்கியைப் பாருங்கள், ஜெர்மன் டிவிஷனிடம் 72, ரஷ்ய டிவிஷனிடம் 48, அதிலும் ஹோவிட்சர் (குண்டை உயரமாக வளைத்து எறியும் பீரங்கி) ஒன்றுகூட ரஷ்ய டிவிஷன் கையில் கிடையாது. ஆள் இருந்து என்ன செய்ய! அப்புறம் 1916-17 குளிர்காலத்தில் ரஷ்யர்கள் ரெஜிமென்டுக்கு 3 பட்டாலியனாகக் குறைத்து, மிச்சமானவற்றில் புது டிவிஷன்களை உருவாக்கினார்கள். அடுத்த முறை அந்தந்தப் பெயரிலேயே எழுதுங்கள்.

— வாசகர், குன்னூர்