அந்த டிஸ்கைத் தூக்கிப் போட்டுவிடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் மறுபடி நடக்கப் போகிறேன்.

மற்ற சேதிகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். கடைசியில் இரண்டே வரியில் ஒன்று சொல்லியிருந்தாயே, அதுதான் நேற்றிலிருந்து மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவின் பணி ஓய்வு விழா டிவிடியைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் நடுவில் பச்சைக் கட்டங்கள் வருகின்றன, குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது, டிஸ்க் போய்விட்டது போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். போகவில்லை என்றே நினைக்கிறேன். நான் சொல்கிற வரை அதைத் தூக்கிப் போட்டுவிடாதே.

நீ டிஸ்கைப் போட்டதும் நேராக எம்பி4 ஆக மாற்றச் சொல்லியிருப்பாய். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் அதில் இரண்டு வேலைகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒன்று டிஸ்கைப் படிப்பது, இன்னொன்று படித்ததைச் சுருக்கி மறுபடி எழுதுவது. ஓரிடத்தில் படிக்க முடியாமல் போனால், மாற்றும் மென்பொருள் பெரும்பாலும் நிற்பதில்லை, தாண்டிப் போய்விடும். அங்கே திரையில் வந்த பச்சைக் கட்டத்தையும் படம் என்றே எடுத்துக்கொண்டு சுருக்கி வைத்துவிடும். பிறகு அந்த எம்பி4 ஃபைலை எதில் போட்டுச் சோதித்தாலும் ஃபைல் சுத்தமாக இருக்கிறது என்றுதான் பதில் வரும். கெட்டது உள்ளே இருக்கும் படம். இது புரியாமல் நான் இரண்டு வாரம் வீணாக்கினேன்.

ஆகவே முதலில் டிஸ்கை அப்படியே ஒரு ஐஎஸ்ஓ ஃபைலாக, அதாவது முழு டிஸ்கின் அச்சு அசல் நகலாக, ஹார்ட் டிஸ்கில் இறக்கு. மாற்றுவதைப் பிறகு பார்க்கலாம். இறக்குவதையும் இரண்டு முறை செய். இரண்டு ஐஎஸ்ஓவையும் விஎல்சி பிளேயரில் ஓட்டி, எந்த நிமிடத்தில் உடைகிறது என்று குறித்துக்கொள். இரண்டிலும் அதே நிமிடத்தில் உடைந்தால் டிஸ்கில் கோளாறு. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் உடைந்தால் டிஸ்கைக் குறை சொல்லாதே, கம்ப்யூட்டரைப் பார்.

எனக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை. கீறலே இல்லாத டிஸ்க். எங்கும் பிழை என்று ஒரு செய்தி கூட வரவில்லை. ஆனால் மூன்று முறை இறக்கிப் பார்த்தால் மூன்று ஃபைலுக்கும் ஷா256 கணக்கு, அதாவது ஃபைலின் கைரேகை மாதிரியான எண், வேறு வேறாக வந்தது. டிஸ்கைப் படிக்கும் டிரைவ், படிக்க முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லும். சொல்லாமல் எண்கள் மாறுகின்றன என்றால் வழியில் யாரோ கெடுக்கிறார்கள். கம்ப்யூட்டரின் நினைவகமான ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். இரண்டு ரேமில் ஒன்று பழுது. அதைக் கழற்றியதும் கணக்குகள் ஒன்றாகிவிட்டன. அதுவரை நான் இறக்கி வைத்திருந்த எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டியிருந்தது. நல்லவேளை, டிஸ்குகளை வைத்திருந்தேன்.

உன்னுடையதில் இரண்டு முறையும் ஒரே இடத்தில் உடைகிறது, டிஸ்க்தான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் துடை. மெல்லிய, தூசியில்லாத துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராக இழு, சுற்றிச் சுற்றித் தேய்க்காதே. இதற்குக் காரணம் இருக்கிறது. டிவிடியில் தகவல் செக்டர் எனப்படும் 2048 பைட் துண்டுகளாக இருக்கும். 16 செக்டரை ஒரு கட்டாகக் கட்டி, பிழை திருத்தும் குறிகளையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு கட்டிலும் கொஞ்சம்தான் தின்னும், அதைக் குறிகள் ஈடுகட்டிவிடும். டிஸ்கைச் சுற்றி ஓடும் தகவல் தடத்தோடு சேர்ந்து வளைந்து போகும் கீறல் ஒரு கட்டையே விழுங்கிவிடும். சுற்றித் தேய்த்தால் நாமே அந்த மாதிரிக் கீறலை உண்டாக்குகிறோம்.

ஒரு சின்ன இடம் கெட்டதற்கு அரை விநாடிப் படம் ஏன் குழம்புகிறது என்று கேட்பாய். டிவிடியில் எம்பெக்2 என்ற முறையில் சுருக்கி வைத்திருக்கும் படத்தில் ஏறக்குறைய அரை விநாடிக்கு ஒன்றுதான் முழுப்படம். நடுவில் உள்ளவை, பக்கத்துப் படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்பவை. முழுப்படத்தில் அடி விழுந்தால் அடுத்த முழுப்படம் வரும்வரை அந்தக் கறை இழுத்துக்கொண்டே வரும்.

துடைத்தும் சரியாகவில்லை என்றால், கெட்ட டிஸ்கிலிருந்து தகவலை மீட்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள். நண்பா, இதை நான் முழு மனசோடு சொல்கிறேன். லினக்ஸ் உள்ள பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கி ஓட்டலாம். செக்டர் அளவு 2048 என்று சொல்லிவிடு. நகலெடுக்கும் மற்ற மென்பொருள்கள் கெட்ட இடத்திலேயே முட்டிக்கொண்டிருக்கும்போது இது சுலபமாக வருவதையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, வராத இடங்களை ஒரு மேப் ஃபைலில் குறித்து வைக்கும். பிறகு அந்த இடங்களுக்கு மட்டும் திரும்பி வரும். இன்னொரு டிரைவில் டிஸ்கைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே மேப் ஃபைல் என்று கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அம்மா பேசுகிற ஒரே டிஸ்கை அப்படித்தான் மீட்டேன். என் டிரைவில் 416 செக்டரைப் படிக்க முடியவில்லை. பழைய லேப்டாப்பின் டிரைவில் போட்டேன், 16 மட்டும் மிஞ்சியது, அதாவது ஒரே ஒரு கட்டு. அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பும் இடத்தில் ஒரு கணம் படம் கலையும், குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு டிரைவின் கண்ணுக்குத் தெரியாதது இன்னொன்றுக்குத் தெரிகிறது. அதனால் உன் மகனின் லேப்டாப்பில் டிரைவ் இருந்தால் அதையும் கேட்டு வாங்கு. வெளியில் இணைக்கும் டிரைவ் என்றால் நேராகக் கம்ப்யூட்டரிலேயே செருகு, போதிய மின்சாரம் கிடைக்காவிட்டாலும் படிப்பதில் தடுமாறும்.

சில விஷயங்கள் கோளாறு மாதிரித் தெரியும், டிஸ்கோடு சம்பந்தமே இருக்காது. ஃபைல் சரியாக 4 ஜிபியில் அறுந்தால் நீ சேமிக்கும் பென் டிரைவ் அதைவிடப் பெரிய ஃபைலை ஏற்காத எஃப்ஏடி32 முறையில் இருக்கிறது, எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள். ஆட்கள் நகரும்போது விளிம்பில் சீப்புப் பற்கள் மாதிரிக் கோடுகள் வந்தால் அது இன்டர்லேஸ், அதாவது ஒரு படத்தை ஒன்றுவிட்ட வரிகளாக இரண்டு பாதியாகப் பதிவு செய்யும் முறை, மாற்றும்போது டிஇன்டர்லேஸ் போட்டால் போகும். பாதியில் நின்றுபோன எம்பி4 திறக்கவே திறக்காது, ஏனென்றால் அதன் அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படுகிறது. டிஸ்கில் படம் இருக்கும் விஓபி ஃபைல்களைத் தனித்தனியாக நகலெடுத்து ஒட்டினால் நேரம் தப்பாகக் காட்டும், அதனால் அதைச் செய்யவே வேண்டாம். ஐஎஸ்ஓவிலிருந்து மேக்எம்கேவி என்ற மென்பொருள் கொண்டு ஒரு எம்கேவி வீடியோ ஃபைல் எடு. அதில் மறுபடி சுருக்குவதே இல்லை, டிஸ்கில் இருந்த படம் அப்படியே வரும். எம்பி4 வேண்டுமானால் அதிலிருந்து பிறகு ஹேண்ட்பிரேக் என்ற மாற்றும் மென்பொருளில் செய்துகொள். ஐஎஸ்ஓவை மட்டும் அழிக்காதே. இரண்டு இடத்தில் வை.

வீட்டில் எழுதிய டிஸ்குகளில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெப்பமும் அதற்கு ஆகாது. அப்பாவின் டிஸ்க் ஜன்னல் ஓரத்தில் இருந்தால் இன்றைக்கே எடுத்து அலமாரிக்குள் வை.

முதல் சுற்று முடிந்ததும் மேப் ஃபைலை எனக்கு அனுப்பு. சின்ன ஃபைல்தான், அதைப் பார்த்தால் எங்கே, எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கு மேடையில் அப்பா என்னையும் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு பேசினார். அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு முழுதாக நினைவில்லை. அந்தப் பகுதி கிடைத்தால் முதலில் அதை அனுப்பு.

உன் பழைய அறைத்தோழன்