சென்சாரை மாற்றுவதற்கு முன் அளந்து பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொப்பூர் கணவாய் என்றாலே தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் சரிவுதான் பேசப்படுகிறது. அதே கணவாயில் சேலத்திலிருந்து ஏறி வரும்போது எனக்கு நேர்ந்ததையும், அதற்குக் காரணமான உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

என்னுடையது 2004ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் கார். ஆக்சிலேட்டர் கேபிளில் இயங்குவது. சென்ற ஆண்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது, மெல்ல மிதித்த நிலையில் வண்டி திடீரெனத் தளர்ந்து, மறுகணமே வெட்டி இழுத்து முன்னே பாய்ந்தது. பின்னால் வந்த சரக்கு லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஊர் திரும்பியதும் பட்டறையில் விட்டேன். முதலில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். பிறகு பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள். மூன்றாம் முறை போனபோது, "சென்சார் போயிருக்கும் சார், மாத்திடலாம்" என்றார்கள். எந்தச் சென்சார், எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "அனுபவம்தான் சார்" என்பதே பதில். வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன்.

அவர்கள் சொன்னது த்ராட்டில் பொசிஷன் சென்சார். எஞ்சினுக்குள் காற்று போகும் வழியில் உள்ள தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வண்டியின் கணினிக்குச் சொல்வது அதன் வேலை. பழைய கார்களில் இது பள்ளி ஆய்வகத்து ரியோஸ்டாட்டின் தம்பிதான்: ஒரு கார்பன் பாதை, அதன்மேல் உரசி நகரும் ஒரு முனை, மூன்று ஒயர்கள். ஒன்றில் 5 வோல்ட் வருகிறது, ஒன்று எர்த், மூன்றாவது தகவலைக் கொண்டு போகிறது. பெரும்பாலான வண்டிகளில் தகடு மூடியிருக்கும்போது ஏறக்குறைய 0.5 வோல்ட்டும், முழுவதும் திறக்கும்போது 4.5 வோல்ட்டை ஒட்டியும் இந்த மூன்றாவது ஒயரில் காணலாம். நாம் ஓட்டுவதெல்லாம் பெரும்பாலும் பாதிக்கும் குறைவாக மிதித்துத்தான் என்பதால், கார்பன் பாதையில் தேய்வதும் அந்தத் தொடக்கப் பகுதியே. பழைய ரேடியோவில் ஒலி கூட்டும் திருகு ஒரே இடத்தில் கரகரப்பது போன்றதுதான் இதுவும்.

ஆகவே பானெட்டைத் திறந்து, இக்னிஷனை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், சென்சாருக்கு ஒயர்கள் வந்து சேரும் இணைப்பான கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியைச் செருகி மல்டிமீட்டரை இணைத்தேன். (ஒயரின் மேலுறையைக் குத்தித் துளைக்கக் கூடாது, மழைக்காலத்தில் அந்தத் துளை வழியே ஈரம் இறங்கிப் பச்சை பிடித்துவிடும்.) தகட்டைக் கையால் மிக மெதுவாகத் திறந்தபோது, சீராக ஏறி வந்த அளவு 1.1 வோல்ட்டை எட்டிய இடத்தில் சட்டென 0.6க்கு விழுந்து மீண்டது. முள் உள்ள பழைய மீட்டர் என்பதால் அந்தத் துள்ளல் கண்ணுக்குத் தெரிந்தது. எண்களைக் காட்டும் மீட்டரில் இதைத் தவறவிட வாய்ப்புண்டு. கணினிக்கு 0.6 என்பதும் நம்பத்தக்க எண்தான். ஓட்டுநர் காலை எடுத்துவிட்டார் என்று எண்ணி அது பெட்ரோலைக் குறைக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிவதில்லை. பட்டறையின் ஊகம் சரியாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் குறையெல்லாம், இரண்டு நிமிடத்தில் அளந்து அறியக்கூடியதை, பழுதில்லாத இரண்டு பொருள்களுக்கு நான் பணம் கொடுத்து முடித்த பிறகு ஊகித்தார்கள் என்பதுதான்.

மாற்றுவது கடினமான வேலையல்ல. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, கப்ளரை எடுத்து, இரண்டு திருகாணிகளைக் கழற்ற வேண்டும். அவை இறுகிப் போயிருக்கும். அளவு பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் முயன்றால் தலை மழுங்கி, அரை மணி நேர வேலை அரை நாளாகிவிடும். புதிய சென்சாரைச் சற்றுச் சாய்த்து வைத்து, தகட்டின் தண்டு அதன் பள்ளத்தில் பொருந்திய பின் திருப்பி நேராக்க வேண்டும். தவறாகப் பொருந்தினால் தகடு முழுவதும் மூடாமல் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதால், எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஆக்சிலேட்டரை விட்டதும் தகடு 'டக்' என்று மூடுகிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

பலரும் விட்டுவிடும் கட்டம் இதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த வகைச் சென்சாரில் திருகாணித் துளைகள் வட்டமாக இல்லாமல் நீண்டிருப்பது, சற்றுத் திருப்பிச் சரிசெய்வதற்காகவே. நான் முதலில் பொருத்தியபோது தகடு மூடிய நிலையில் மீட்டர் 0.78 காட்டியது. அப்படியே இறுக்கியிருந்தால் தகடு மூடியிருப்பதைக் கணினி அறியாமல், ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் ஓட்டமான ஐடிலிங் தடுமாறியிருக்கும். பேட்டரியை இணைத்து, திருகாணிகளை அரைகுறையாகத் தளர்த்தி, நகக்கண் அளவு திருப்பியபோது 0.5க்கு வந்தது, இறுக்கும்போது சற்று நகர்ந்ததால் மறுபடி தளர்த்தினேன். மூன்றாம் முறை நின்றது. தகடு மோதி நிற்கும் இடத்தில் உள்ள சிறு திருகைத் திருகி ஐடிலிங்கைச் சரிசெய்யும் வழக்கம் நம் பக்கம் உண்டு. அது தொழிற்சாலையில் அமைத்தது. அதைத் தொட்டால் பிறகு எந்த அளவும் அளவாக இருக்காது.

கேபிள் இல்லாமல் மின்மோட்டாரால் தகடு திறக்கும் இக்காலக் கார்களுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றில் சென்சார் பெரும்பாலும் தகடு அமைந்திருக்கும் பாகமான த்ராட்டில் பாடிக்குள்ளேயே இருக்கும். தனியாகத் திருப்பிச் சரிசெய்ய இடமிருக்காது. புதியதைப் பொருத்தினால், வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் கருவி கொண்டு கணினிக்கு அறிமுகம் செய்ய வேண்டியிருக்கும். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது அதன் தகட்டில் விரலை வைப்பதும் ஆபத்து.

கார் நிறுவனங்களுக்கு என் கோரிக்கை ஒன்று உண்டு. டயர்க் காற்றின் அளவை உரிமையாளர் கையேட்டில் அச்சிடுவது போல, தகடு மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் இருக்க வேண்டிய வோல்ட் அளவையும் அச்சிட வேண்டும். என் வண்டிக்குரிய எண்ணை நான் ஓசூர் வரை போய் விசாரித்துத்தான் அறிந்தேன். பட்டறை நடத்துவோருக்கும் ஒன்று: சென்சாரை மாற்றும்போது பழையதன் அளவையும் புதியதன் அளவையும் பில்லிலேயே எழுதித் தாருங்கள். வாசகர்களும் அந்த இரண்டு எண்களைப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.